ஒரு சொல்லின் இரண்டு சட்டங்கள்: சாதியும் மாற்றுத்திறனாளிகள் உரிமையும்



நம் நினைவு மேடைகளில் நிலம், கல்வி, வன்கொடுமை, இலக்கியம் எனப் பலவும் பேசப்பட்டு வந்திருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமை பேசப்பட்டது அரிது. அது வேறு ஒரு துறையின் செய்தி, வேறு ஒரு சங்கத்தின் கோரிக்கை என்று ஒதுங்கிக் கிடக்கிறது. அந்த உரிமையின் சட்ட வரலாறு நம் வரலாற்றுக்கு வெளியே நடந்ததில்லை என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு நம் எல்லோருக்கும் மனப்பாடம். தீண்டாமை காரணமாக எந்தத் தகுதியின்மையையும் ஒருவர்மேல் சுமத்துவது குற்றம் என்கிறது அது. இங்கே 'தகுதியின்மை' என்று நாம் சொல்வதற்கு ஆங்கில மூலத்தில் உள்ள சொல் 'டிசபிலிட்டி'. இன்று மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் தலைப்பில் நிற்பதும் அதே சொல். தமிழில் இடத்துக்கு ஒரு பெயராக மாற்றிச் சொல்லிவிடுவதால் இரண்டும் ஒன்று என்பது நம் கண்ணில் படுவதில்லை.

1. சொல்லின் பழைய வாழ்வு

மனுஸ்மிருதியின் 9ஆம் அத்தியாயத்தில் யாருக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்று ஒரு பட்டியல் உண்டு. சாதியிலிருந்து விலக்கப்பட்டவர், பிறவியிலேயே பார்வையற்றவர், செவித்திறனற்றவர், பேச முடியாதவர், மனநலம் குன்றியவர் எல்லோரும் ஒரே சுலோகத்தில் வருகிறார்கள். சாதி விலக்கையும் உடற்குறையையும் ஒரே மூச்சில் சொன்னவன் மனு. பங்கு இல்லை என்ற தண்டனையும் இருவருக்கும் ஒன்றே.

ஆங்கிலேயர் இந்தச் சுலோகத்தைத் துண்டு துண்டாகத்தான் உடைத்தார்கள். மதம் மாறியவரும் சாதியிலிருந்து விலக்கப்பட்டவரும் சொத்துரிமையை இழக்கக் கூடாது என்று 1850இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரில் 'சாதி டிசபிலிட்டி' நீக்கம் என்றே இருக்கிறது. பார்வையற்றவருக்கும் செவித்திறனற்றவருக்கும் வாரிசுரிமைத் தடையை நீக்கிய சட்டம் வந்தது 1928இல். இடையில் 78 ஆண்டுகள். அந்தச் சட்டமும் பிறவியிலேயே மனநலம் குன்றியவர்களை வெளியே நிறுத்தியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் நோயோ குறையோ வாரிசுரிமைக்குத் தடையாகாது என்று முழுமையாகச் சொன்னது.

1850ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றியது சொத்து உள்ளவர்களை. சேரிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வரவில்லை. சேரியின் தடைகள் கிணற்றிலும் தெருவிலும் சாவடியிலும் இருந்தன. அவற்றை எதிர்த்த சட்டப் போர் சென்னை மாகாணத்தில் நம் முன்னோரால் நடத்தப்பட்டது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் ஆதிதிராவிடர் நுழையத் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் அண்ணல் அம்பேத்கரும் கையெழுத்திட்டுக் கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தின் முதல் நிபந்தனை சமக் குடியுரிமை. தீண்டாமையின் பெயரால் தண்டனையோ பாதகமோ 'டிசபிலிட்டி'யோ விதிக்கும் எந்தச் சட்டமும் வழக்கமும் செல்லாது என்று அதில் கேட்டார்கள். 1938இல் எம்.சி. ராஜா கொண்டுவந்து சென்னை மாகாணத்தில் நிறைவேறிய சட்டத்தின் பெயரிலும் 'சிவில் டிசபிலிட்டி' நீக்கம் என்றே இருந்தது.

இந்தச் சட்டங்களில் அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? கிணற்றில் நீர் இறைக்க முடியாத தலித்துக்குக் கையில் குறையில்லை. தெருவில் நடக்க முடியாதவருக்குக் காலில் குறையில்லை. தடை கிணற்றின் மேல் எழுதப்பட்டிருந்தது, தெருவின் வாயிலில் நின்றது. 'டிசபிலிட்டி' என்றால் சமூகம் ஒருவர்மேல் சுமத்துவது என்ற பொருளில்தான் நம் முன்னோர் அதைச் சட்டமன்றத்தில் பேசினார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உலக இயக்கம் இதே இடத்துக்கு 1970களில் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் பிரித்துவைத்தலுக்கு எதிராக உடற்குறையுள்ளோர் நடத்திய ஒரு சங்கம் 1976இல் ஓர் அடிப்படைக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. உடலில் உள்ள குறை வேறு, அதன்மேல் சமூகம் ஏற்றிவைக்கும் 'டிசபிலிட்டி' வேறு என்றது அந்த அறிக்கை. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் விக் ஃபிங்கல்ஸ்டைன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, தடையாணைக்கு உள்ளாகி, பிரிட்டனுக்கு வந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தவர். நிறத்தால் பிரித்துவைப்பதைக் கண்டவருக்கு உடலால் பிரித்துவைப்பதும் அரசியல் என்று புரிந்ததில் வியப்பில்லை. 'சமூக மாதிரி' என்று இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் கருத்து இதுதான். சேரியின் சட்டப் போரில் இதன் சாரம் முன்பே இருந்தது என்று நாம் உரிமையோடு சொல்லலாம்.

2. அரசியலமைப்பில் பிரிந்த பாதை

1950இல் இந்தச் சொல் இரண்டாகப் பிரிந்தது. 17ஆம் உறுப்பில் அது அடிப்படை உரிமை, மீறினால் குற்றம். உடற்குறையுள்ளோர் வருவது 41ஆம் உறுப்பில். வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றோடு சேர்த்து அரசு உதவ வேண்டும் என்கிறது அது. அதுவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. வழிகாட்டு நெறி என்பதால் நீதிமன்றம் போய் நேரடியாகக் கேட்க முடியாது. மாநிலப் பட்டியலின் 9ஆம் இனம் 'ஊனமுற்றோருக்கும் வேலைக்குத் தகுதியற்றோருக்கும் நிவாரணம்' என்ற பொருளில் அமைந்திருக்கிறது. பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆம் உறுப்பில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் இருக்கின்றன. உடற்குறை இன்றுவரை அந்த வரியில் இல்லை.

ஆக, ஒரு கூட்டத்துக்கு உரிமை என்றும் இன்னொரு கூட்டத்துக்கு நிவாரணம் என்றும் எழுதப்பட்டது. இரண்டு கூட்டத்திலும் ஒரே நபர் இருக்கக் கூடும் என்ற நினைப்பு அந்த ஏட்டில் தென்படவில்லை.

3. தெருவிலிருந்து சட்டம் வரை

நிவாரணத்திலிருந்து உரிமைக்கு வந்தது யாருடைய கருணையாலும் நடக்கவில்லை. 1980இல் டெல்லியில் வேலை கேட்டு ஊர்வலம் போன பார்வையற்றவர்கள் மேல் காவல்துறை தடியடி நடத்தியது. தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், பிரெயில் முறையிலோ எழுத்தர் உதவியோடோ பார்வையற்றவர்கள் குடிமைப் பணித் தேர்வை எழுதலாம் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதுவரை தேர்வு மண்டபத்தின் கதவே திறக்கவில்லை.

1992 டிசம்பரில் பெய்ஜிங்கில் ஆசிய பசிபிக் நாடுகள் ஒரு பிரகடனம் செய்தன. அதில் இந்தியாவும் சேர்ந்தது. அதை நிறைவேற்ற 1995இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1996 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 7 வகைக் குறைபாடுகள், 40 சதவீதம் என்ற அளவுகோல், அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு. இதற்காக டெல்லியில் போராடிய ஜாவித் அபிதியைப் போன்றவர்கள் அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கேட்டார்கள். 1991 கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளி பற்றிய கேள்வியே இல்லை. போராட்டத்துக்குப் பிறகு 2001இல் அந்தக் கேள்வி சேர்ந்தது.

எண்ணிக்கை என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணப்படாதவருக்குத் திட்டமும் இல்லை, நிதியும் இல்லை. எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் 2001இல் 16.42 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவானார்கள், 2011இல் 11.79 லட்சம். பத்தாண்டில் நாலரை லட்சம் பேர் குணமாகிவிடவில்லை. வகைகளின் வரையறையும் கேட்ட கேள்வியும் மாறின.

அதே 2011 கணக்கெடுப்பில் நாம் நின்று பார்க்க வேண்டிய இன்னொரு வரிசை உண்டு. இந்திய மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம், பழங்குடியினரில் 2.05, மற்றவர்களில் 2.18. பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 49 லட்சம் பேர். கல்குவாரியும் செங்கல் சூளையும் கழிவுநீர்க் குழியும் யாருடைய உடலைத் தின்கின்றன, ஊரிலிருந்து மருத்துவமனை யாருக்குத் தூரம், பிள்ளைப்பேற்றில் யாருக்குக் கவனிப்பு இல்லை என்று அறிந்தவர்களுக்கு இந்த 2.45 புதிராக இராது.

ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007 அக்டோபரில் அதை உறுதிப்படுத்தியது. அதற்கேற்பப் புதுச் சட்டம் வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2014இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா 2016 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 7 வகைகள் 21 ஆயின. வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம் ஒதுக்கீடு.

4. நம்மிடமிருந்து போன வரிகள்

2016 சட்டத்தின் 92ஆம் பிரிவைப் படிக்கும் தலித் வழக்கறிஞர் யாருக்கும் அது பழகிய முகமாகத் தெரியும். அந்தப் பிரிவின் தலைப்பே வன்கொடுமைக் குற்றங்களுக்கான தண்டனை. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு மாற்றுத்திறனாளியை அவமதிப்பது குற்றம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. இது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வாசகம், அதே தண்டனை அளவு. நம் மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற சட்ட மொழி இன்னொரு ஒடுக்கப்பட்ட கூட்டத்துக்குக் கவசமாகிறது என்பது பெருமைக்குரியது.

ஆனால் மொழி போன அளவுக்குப் பாதுகாப்பு போகவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் முன்பிணைக்குத் தடை உண்டு. 1995 விதிகளில் நிவாரண அட்டவணை உண்டு. 92ஆம் பிரிவுக்கு இவை இல்லை.

அந்த நிவாரண அட்டவணையையும் ஒரு முறை கவனித்துப் படிக்க வேண்டும். சாதித் தாக்குதலில் ஒருவருக்கு 100 சதவீத ஊனம் ஏற்பட்டால் ஒரு தொகை, 50க்கு மேல் என்றால் ஒரு தொகை, 50க்குக் கீழ் என்றால் ஒரு தொகை. சாதி வெறி ஊனத்தை உண்டாக்குகிறது என்பதை இந்த அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு பணம் கொடுத்துக் கோப்பை மூடுகிறது. தாக்குதலில் காலிழந்தவர் மறுநாளிலிருந்து மாற்றுத்திறனாளியாக வாழ வேண்டும் என்பது வேறு துறையின் வேலையாகிவிடுகிறது.

நம் சட்டத்திலும் இடைவெளி உண்டு. 2015 திருத்தத்தில் பாதிக்கப்பட்டோர், சாட்சிகளின் உரிமைக்காக 15ஏ பிரிவு சேர்ந்தது. வயது, பால், கல்விப் பின்னடைவு, வறுமை ஆகியவற்றால் எழும் சிறப்புத் தேவைகளைக் கவனத்தில் கொண்டு அவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்கிறது. இந்த நான்கில் உடற்குறை இல்லை. மறுபக்கம், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 3ஆம் பிரிவில் சாதி இல்லை. ஓராண்டு இடைவெளியில் ஒரே நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

5. இடஒதுக்கீட்டுக் கணக்கு

மாணவத் தோழர்கள் இதைச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். 1992 நவம்பர் மண்டல் வழக்குத் தீர்ப்பு, அதாவது இந்திரா சாஹ்னி வழக்கு, இடஒதுக்கீட்டை இரண்டாக வகுத்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கானது செங்குத்து ஒதுக்கீடு. மாற்றுத்திறனாளிகளுக்கானது அதைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கிடைமட்ட ஒதுக்கீடு. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேர்வானவர் பட்டியல் சாதியினர் என்றால் அவரைப் பட்டியல் சாதிக் கணக்கில் வைக்க வேண்டும், பொதுப் பிரிவினர் என்றால் பொதுக் கணக்கில்.

100 பணியிடங்களில் 4 மாற்றுத்திறனாளிகளுக்கு என்று வைப்போம். நால்வரும் பொதுப் பிரிவிலிருந்தே வந்தாலும் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்பது கணக்கு. பட்டியல் சாதி இடங்கள் எல்லாம் உடற்குறையில்லாதவர்களால் நிரம்பினாலும் அந்தக் கணக்கும் சரி. இரண்டு ஏடுகளிலும் தவறில்லை. தலித் மாற்றுத்திறனாளி மட்டும் இரண்டிலும் இல்லை. கிடைமட்ட முறையைக் குறை சொல்லவில்லை நாம். எல்லாச் சாதியிலும் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் தர அது தேவை. அந்த 4 இடங்களில் யார் உட்கார்ந்தார்கள் என்று சாதிவாரியாக வெளியிடும் கடமை யாருக்கும் இல்லை என்பதுதான் சிக்கல்.

மாற்றுத்திறனாளி இயக்கம் தன் ஒதுக்கீட்டுக்காகவே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 3 சதவீதத்தை, அவர்களுக்கு ஏற்றவை என்று அடையாளம் காணப்பட்ட பணியிடங்களில் மட்டும் அரசுத் துறைகள் கணக்கிட்டு வந்தன. மொத்தக் காலியிடங்களில் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013 அக்டோபரில், சட்டம் வந்து 17 ஆண்டுகள் கழித்து. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம். மாற்றுத்திறனாளிகளும் சமூக அளவில் பின்தங்கியவர்கள், பட்டியல் சாதியினருக்குத் தரும் மதிப்பெண் தளர்வு அவர்களுக்கும் உண்டு என்று 2020 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதிலும் 'அவர்கள்' ஒரு பக்கம், 'இவர்கள்' ஒரு பக்கம். இருவருமாக இருப்பவர் யார் என்று கேட்கும் வழக்கு அன்று நீதிமன்றத்தின் முன் இல்லை.

6. ஒரே உடலைக் கண்ட தீர்ப்பு

அந்தக் கேள்வி 2021 ஏப்ரல் 27 அன்று வந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 2011இல் பார்வையற்ற பட்டியல் சாதி இளம்பெண் ஒருவர் தன் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி குடும்பத்துக்குத் தெரிந்தவன். குரலைக் கொண்டு அவனை அவர் அடையாளம் காட்டினார். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் வன்புணர்வுக்கும் வன்கொடுமைச் சட்டத்தின் 3(2)(5) பிரிவுக்கும் தண்டனை கொடுத்தன.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, சாதியும் பாலும் உடற்குறையும் ஒரே நபர்மேல் சேர்ந்து வேலை செய்யும்போது உண்டாகும் ஒடுக்குமுறையை விரிவாகப் பேசியது. மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தைத் தாழ்வாக மதிப்பிடக் கூடாது என்றது. நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், காவலர்களுக்குப் பயிற்சி வேண்டும், பெண்கள் மீதான வன்முறைக் கணக்கில் உடற்குறையையும் தனியே பதிய வேண்டும் என்று வழி சொன்னது. ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

ஆனால் வன்கொடுமைச் சட்டப் பிரிவின் கீழான தண்டனையை அதே தீர்ப்பு ரத்து செய்தது. அன்றைய சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி 'என்ற காரணத்தால்' குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அரசுத் தரப்பு அதைத் தனியாக நிரூபிக்கவில்லை. பட்டியல் சாதி என்று 'தெரிந்திருந்தால்' போதும் என்ற திருத்தம் 2016 ஜனவரி 26இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2011இல் நடந்த குற்றத்துக்கு அது பொருந்தாது.

இதைத் தோழர்கள் யோசிக்க வேண்டும். அவளைப் பெண் என்பதால் தாக்கினானா, பார்வையற்றவள் என்பதால் தாக்கினானா, தலித் என்பதால் தாக்கினானா என்று பிரித்து நிரூபிக்கச் சொல்கிறது சட்டம். மூன்றும் சேர்ந்ததால்தான் அவன் துணிந்தான். பிரிக்க முடியாததைப் பிரிக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. சொல்லிவிட்டு, சட்டத்தின் எழுத்துக்குக் கட்டுப்பட்டு, சாதிப் பிரிவைக் கைவிட்டது. அந்தப் பெண்ணின் உடலை முழுதாகக் கண்ட தீர்ப்பால் முழு நீதி தர முடியவில்லை.

7. பெயரும் இருக்கையும்

1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் 'ஹரிஜன்' என்ற பெயரைச் சட்டத்தில் புகுத்தியபோது அண்ணலும் அவருடைய கட்சியினரும் வெளிநடப்பு செய்தார்கள். 2015 டிசம்பரில் பிரதமர் மாற்றுத்திறனாளிகளை 'திவ்யாங்க்', தெய்வீக உடல் கொண்டோர், என்று அழைக்கலாம் என்றபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல எதிர்த்தன. உரிமை கேட்பவரைத் தெய்வத்தோடு சேர்த்துவிட்டால் கேட்டதைக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த வித்தையை நாம் முன்பே பார்த்தவர்கள்.

இருக்கை விஷயத்திலும் நமக்கு அனுபவம் உண்டு. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழி செய்தது. வரவேற்கிறோம். 1920களில் சென்னை சட்டமன்றத்தில் நம் முன்னோர் உட்கார்ந்ததும் நியமனத்தால்தான். நியமிப்பவர் கை எங்கே போகிறதோ அங்கேதான் இருக்கையும் போகும் என்பதை அந்தக் காலம் கற்றுத் தந்தது. ஊராட்சியில் அந்த இருக்கை ஊர்த்தெருவிலேயே நின்றுவிடுமா, காலனிக்கும் வருமா என்று இப்போதே கேட்க வேண்டும்.

8. இனி

நான்கு வேலைகள் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

முதலாவது, வழக்குப் பதிவு. பாதிக்கப்பட்டவர் தலித்தும் மாற்றுத்திறனாளியும் என்றால் முதல் தகவல் அறிக்கையிலேயே வன்கொடுமைச் சட்டமும் 92ஆம் பிரிவும் சேர வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புக் கண்காணிப்புக் குழுவில் இத்தகைய வழக்குகளைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது, 15ஏ பிரிவின் சிறப்புத் தேவைப் பட்டியலில் உடற்குறையும், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவில் சாதியும் சேரத் திருத்தம் கோர வேண்டும். இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் இரு இயக்கங்களும் கையெழுத்திட்டு வைக்க வேண்டும்.

மூன்றாவது மாணவர்களுக்கு. உங்கள் பல்கலைக்கழகத்தில் 5 சதவீத இடங்களில் சேர்ந்தவர்கள் எந்தெந்தப் பிரிவினர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஒவ்வொரு கல்லூரியின் பதிலும் இந்த வரலாற்றின் அடுத்த பக்கம்.

நான்காவது அமைப்புகளுக்கு. கூட்டம் மாடியில் நடந்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது நுழையத் தடை செய்யப்பட்ட இடம். சைகை மொழிபெயர்ப்பு இல்லாத மேடை செவித்திறனற்றவருக்கு மூடிய கதவு. துண்டறிக்கையின் ஒலி வடிவத்தை வெளியிட ஒரு கைப்பேசி போதும்.

கிணற்றில் இருந்த தடையை உடைக்கத் தலித் தன் கையை மாற்றிக்கொள்ளவில்லை, கிணற்றின் விதியை மாற்றினார். படிக்கட்டின் விதியும் அப்படித்தான் மாறும். 1930இல் அண்ணலும் இரட்டைமலையாரும் கேட்ட சமக் குடியுரிமை ஒரே உடலில் இரண்டு தடைகளையும் சுமப்பவருக்கும் சேர்த்துத்தான். அவர் வந்து சேரும்வரை 17ஆம் உறுப்பின் வேலை முடிந்தது என்று நாம் எழுத முடியாது.

ஜெய் பீம்.